எஞ்சினுக்காகக் காத்திருந்த விமானம்

போர் விமானம் ஒன்றன் அருகில் நின்று அதை நோக்குகிறவர்களின் கண்ணைப் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளும் கூர்மையான மூக்கும் முதலில் கவருமாயினும், அதை வரைந்த நிபுணருடைய மனத்தில் எல்லாவற்றுக்கும் முன்னதாக இடம் பிடித்திருந்தது, வெளியே தெரியாமல் உடலுக்குள் மறைந்து கிடக்கும் எஞ்சினே ஆகும். எஞ்சின் வினாடிக்கு எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கும் என்பது தெரிந்தால்தான் காற்றுப் புகும் வாய்களின் அகலத்தை நிர்ணயிக்கலாம். அதன் விட்டம் தெரிந்தால்தான் உடலின் பருமனைத் தீர்மானிக்கலாம். எடை தெரிந்தால்தான் இறக்கையை எவ்விடத்தில் பொருத்துவது என்று சொல்லலாம். அது குடிக்கும் எரிபொருளின் அளவு தெரிந்தால்தான் தொட்டிகளுக்கு இடம் ஒதுக்கலாம். ஆனால் விமானத்தை வரையத் தொடங்கும் நாளில் அந்த எஞ்சின் பெரும்பாலும் கையில் இருப்பதில்லை. இன்ன வருஷத்தில், இன்ன சக்தியுடன், இன்ன அளவில் அது வந்து சேரும் என்ற ஒரு வாக்குறுதிதான் இருக்கும். அந்த வாக்குறுதியை நம்பி ஆயிரக்கணக்கான வரைபடங்கள் வரையப்பட்டு, உலோகம் வெட்டப்பட்டு, விமானம் உருவான பிறகு, எஞ்சின் மட்டும் வராமற்போனால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. பெங்களூரில் பிறந்த எச்.எஃப்.-24 மருத் என்னும் விமானத்தின் சரித்திரமே அது.

1950-களின் நடுப்பகுதியில் இந்திய விமானப் படை தனக்கு வேண்டிய புதிய விமானத்தின் லட்சணங்களை வகுத்தபோது, ஒலியைப் போல் இரு மடங்கு வேகம், 60,000 அடி உயரம், சுமார் 500 மைல் சென்று தாக்கித் திரும்பும் சக்தி ஆகிய மூன்றையும் ஒருங்கே கேட்டது. ஐரோப்பாவின் பெரிய தேசங்களே அக்காலத்தில் தட்டுத் தடுமாறி எட்டிக்கொண்டிருந்த இலக்கு அது. இந்த வேலையை ஏற்க வேண்டிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனமோ, 1940-இல் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபரின் முயற்சியாலும் மைசூர் சமஸ்தானத்தின் உதவியாலும் தோன்றி, யுத்த காலத்தில் பிறர் செய்த விமானங்களைப் பழுது பார்த்து, சுதந்திரத்துக்குப் பின் டாக்டர் வி. எம். கடகே தலைமையில் எச்.டி.-2 என்ற சிறிய பயிற்சி விமானத்தைச் சொந்தமாக வரைந்து 1951-இல் பறக்கவிட்டிருந்த ஓர் இளம் ஸ்தாபனம். விசிறி முன்னால் சுழலும் பயிற்சி விமானத்திலிருந்து மாக் 2, அதாவது ஒலியைப் போல் இரு மடங்கு, வேகமுள்ள போர் விமானத்துக்கு ஒரே தாவலில் செல்ல நினைத்தது துணிச்சல்தான். அந்தத் துணிச்சலைப் பழிப்பவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடு இல்லை.

இந்தத் தாவலுக்குத் துணையாக 1956-இல் பெங்களூருக்கு வந்து சேர்ந்தவர் கூர்ட் டாங்க் என்ற ஜெர்மன் நிபுணர். இரண்டாம் உலக யுத்தத்தில் புகழ்பெற்ற ஃபோக்க-வுல்ஃப் 190 என்னும் போர் விமானத்தைச் சிருஷ்டித்தவர் அவர். தாம் வரைந்த விமானங்களைத் தாமே ஓட்டிப் பார்க்கும் விமானியுங்கூட. எஞ்சின் தரும் தொல்லை அவருக்குப் புதிதன்று. அந்த ஃபோக்க-வுல்ஃப் விமானத்தின் முதல் மாதிரி 1939 ஜூன் மாதத்தில் பறந்தபோதே, அதில் வைத்த பி.எம்.டபிள்யூ. 139 எஞ்சின் தாங்கொணாத உஷ்ணத்தை விமானியின் அறைக்குள் தள்ளிற்று. அதை நீக்கிவிட்டு நீளமும் எடையும் கூடிய 801 என்னும் மற்றோர் எஞ்சினைப் பொருத்துவதற்காக விமானியின் இருக்கையையே பின்னுக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. அதுவும் ஆரம்ப நாட்களில் அடிக்கடி அளவுமீறிச் சூடேறி நிபுணர்களை வாட்டியது. யுத்தம் முடிந்தபின் அர்ஜென்டினாவுக்குச் சென்று, அங்கே புல்கி 2 என்ற ஜெட் விமானத்தைப் பிரிட்டனின் நீன் எஞ்சினை நம்பி டாங்க் நிர்மாணித்தார். அங்கு அரசியல் மாறியதும் தம் சகாக்கள் சிலருடன் இந்தியாவுக்கு வந்தார்.

பெங்களூரில் வேலை நடந்த முறையை நினைக்குந்தோறும் எனக்கு மரியாதை மிகுகிறது. பெரிய காற்றுச் சுரங்கங்களோ வேகமான கணக்கிடும் யந்திரங்களோ இல்லாத அந்த நாட்களில், உத்தேசித்த உருவம் ஆகாயத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று அறிய, விமானத்தின் முழு அளவிலேயே மரத்தால் ஒரு கிளைடரைச் செய்தார்கள். எக்ஸ்-241 என்று பெயர் பெற்ற அதற்கு எஞ்சின் கிடையாது. இருவர் அமரக்கூடிய அதனை 1959-இல் டக்கோட்டா விமானம் ஒன்று கயிற்றால் இழுத்துக்கொண்டு மேலே சென்று விட்டுவிட, விமானி அதைத் திருப்பியும் தாழ்த்தியும் அதன் குணதோஷங்களைக் குறித்துக்கொண்டு தரையிறக்குவார். எழுபதுக்கும் மேற்பட்ட முறை இவ்வாறு பறந்து, உலோகத்தில் கைவைக்கும் முன்பே விமானத்தின் சுபாவத்தை அவர்கள் ஓரளவு அறிந்துகொண்டார்கள்.

இனி அந்த உருவத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மெல்லிய இறக்கைகள் 45 டிகிரி அளவுக்குப் பின்னோக்கிச் சாய்ந்திருந்தன. இறக்கைகள் சேருமிடத்தில் உடல் இடுப்புப் போல் சுருங்கியிருந்தது. இந்தச் சுருக்கம் அழகுக்காக ஏற்பட்டதன்று. ஒலியின் வேகத்தை நெருங்கும் விமானத்தின் முன்னால் காற்று விலக அவகாசமின்றி நெருக்குண்டு அதிர்ச்சி அலைகளாக மாறுகிறது. அப்போது எதிர்ப்பு திடீரெனப் பன்மடங்கு ஏறும். அமெரிக்காவின் லாங்லி ஆராய்ச்சி நிலையத்தில் ரிச்சர்டு விட்கம்ப் 1952-இல் கண்டறிந்த விதிப்படி, இறக்கையும் உடலும் சேர்ந்த மொத்தக் குறுக்குப் பரப்பு, மூக்கிலிருந்து வால்வரை திடீர் ஏற்றத் தாழ்வின்றிச் சீராக மாறுமானால் இந்த எதிர்ப்புப் பெரிதும் குறைகிறது. எனவே இறக்கை தொடங்குமிடத்தில் உடல் மெலிய வேண்டும். இதை அறியாமல் செய்யப்பட்ட அமெரிக்காவின் எஃப்-102 விமானத்தின் முதல் மாதிரி, ஒலியைத் தாண்ட முடியாமல் தவித்து, இடுப்புச் சுருக்கி மறுபடி கட்டப்பட்ட பிறகே 1954 இறுதியில் எளிதாகத் தாண்டியது. மருத்தின் சிற்பிகள் இந்தப் பாடத்தை முதல் கோட்டிலேயே ஏற்றுக்கொண்டார்கள்.

இதைவிட என் கவனத்தை அதிகம் ஈர்ப்பது, விமானியின் அறைக்கு இரு பக்கமும் உள்ள காற்றுப் புகும் வாய்களில் காணப்படும் இரண்டு அரைக் கூம்புகள். ஜெட் எஞ்சினின் உள்ளே காற்று ஒலியைவிடக் குறைந்த வேகத்திலேயே புக வேண்டும். விமானம் ஒலியைப் போல் ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ வேகமாகச் செல்லுமானால், வாயில் மோதும் காற்றை ஒரே அடியாக அடக்கினால் அதன் அழுத்தம் பெருமளவு வீணாகிவிடும். ஆகையால் கூம்பின் முனையில் ஒரு சாய்ந்த அதிர்ச்சி அலையை எழுப்பி, காற்றை முதலில் சிறிது அடக்கி, பிறகு வாயின் விளிம்பில் முழுவதும் அடக்குகிறார்கள். ஒலிக்கும் குறைந்த வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு இத்தகைய கூம்பினால் ஒரு பிரயோஜனமும் இல்லை, வீண் எடைதான். மருத் விமானத்தின் கன்னங்களில் அந்தக் கூம்புகள் அமைக்கப்பட்டது, மாக் 2 எஞ்சின் வரப்போகிறது என்ற நம்பிக்கையினால். கடைசி விமானம் ஓய்வு பெறும் வரையில் அவை அங்கேயே இருந்தன. அவற்றுக்கு உரிய வேகத்தில் மருத் ஒரு நாளும் சமமாகப் பறந்ததில்லை.

அவ்வாறு எதிர்பார்க்கப்பட்ட எஞ்சின் ஓர்ஃபியூஸ் 12. பிரிட்டனில் பிரிஸ்டல் கம்பெனியில் ஸ்டான்லி ஹூக்கர் என்ற மேதையின் மேற்பார்வையில் உருவான ஓர்ஃபியூஸ் குடும்பம், எளிமையில் தனிச் சிறப்புடையது: ஏழு அடுக்குக் கம்ப்ரஸர், ஒரே அடுக்கு டர்பைன், இரண்டையும் இணைக்கும் அகலமான குழல்தண்டு, அதைத் தாங்க இரண்டே பேரிங்குகள். 1954 டிசம்பரில் முதன்முதல் ஓடிய அது நாட் என்ற சிறு விமானத்துக்கு ஜீவனாக அமைந்தது. இதே பெங்களூரில் லைசென்ஸ் பெற்று நாட் விமானங்களைச் செய்தபோது இந்த எஞ்சினும் நம் தொழிலாளருக்குப் பழக்கமாயிற்று. இதன் 12-ஆம் வகை, வாலில் மீண்டும் எரிபொருளைக் கொளுத்தி விசையைக் கூட்டும் மறுசூடேற்றி பூட்டப்பட்டு, ஒவ்வொன்றும் 8,170 பவுண்டு உந்துவிசை தரும் என்பது திட்டம். இரண்டு சேர்ந்தால் ஏறத்தாழ 7,400 கிலோ. ஆனால் நேட்டோ நாடுகளின் இலகு விமானத் திட்டத்துக்கு அந்த வகை வேண்டாமென்று ஆனதும், பிரிட்டனில் அதற்குப் பணம் போட ஆளில்லை. வேண்டுமானால் இந்தியாவே செலவை ஏற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். 1957-58-இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் திணறிக்கொண்டிருந்த நம் அரசாங்கம் மறுத்துவிட்டது. அந்த மறுப்புக்குக் காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், விமானத்துக்கு இசைந்துவிட்டு அதன் எஞ்சினுக்கு இசையாதது, அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மாளிகைக்குப் பணம் ஒதுக்கிய காரியமாக முடிந்தது என்றே சொல்லுவேன்.

எஞ்சியது ஓர்ஃபியூஸ் 703. மறுசூடேற்றி இல்லாத இதன் உந்துவிசை 4,850 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 4,400 கிலோ. வேண்டியதற்கும் கிடைத்ததற்கும் இடையே 3,000 கிலோ பள்ளம். இந்த எஞ்சின்களுடன் 1961 ஜூன் 17-ஆம் தேதி பெங்களூரில் சுரஞ்சன் தாஸ் என்னும் பரிசோதனை விமானி முதல் மருத்தை ஆகாயத்துக்கு ஏற்றினார். ஒரு வாரம் கழித்து, 24-ஆம் தேதி, பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனன் முன்னிலையில் அதிகாரபூர்வமாக மறுபடியும் பறந்தது. ஓட்டியவர்கள் அனைவரும் அதன் இசைவான நடத்தையைப் புகழ்ந்தார்கள். ஆனால் சமமாகப் பறக்கையில் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேயே அது நின்றுவிட்டது. மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால் மட்டுமே அந்த எல்லையைத் தொட்டது.

பற்றாக்குறையை உள்நாட்டிலேயே தீர்க்கப் பெங்களூரின் காஸ் டர்பைன் ஆராய்ச்சி நிலையம் முன்வந்தது. ஓர்ஃபியூஸ் 703-க்குத் தாங்களே மறுசூடேற்றி செய்து பூட்டுவது என்று அதன் நிபுணர்கள் தீர்மானித்தார்கள். மறுசூடேற்றியின் தத்துவம் எளிது. ஜெட் எஞ்சினின் எரியறையில் புகும் காற்றில் ஒரு பகுதியே எரிவதற்குச் செலவாகிறது. மிகுதிப் பிராணவாயு டர்பைனைக் கடந்து வாலின் வழியே வீணாக வெளியேறுகிறது. அந்த வாலில் மறுபடியும் எரிபொருளைத் தூவிக் கொளுத்தினால், டர்பைனுக்குத் தொல்லையின்றி வாயு மேலும் சூடேறி விரிந்து இன்னும் மிகுந்த வேகத்துடன் பீச்சிடும்.

தத்துவம் இவ்வளவுதான், கஷ்டங்கள் அதன் பின்னால் தொடங்குகின்றன. சூடேறி விரிந்த வாயுவுக்கு முன்னிலும் அகலமான வாசல் வேண்டும்; திருவிழாக் கூட்டம் ஒற்றைக் கதவு திறந்த கோயில் வாசலில் நெரிவது போல, வாயு வெளியேற வழியின்றித் தேங்கினால் அதன் அழுத்தம் பின்னோக்கி ஏறி, டர்பைன் தாங்காத சூட்டையடைந்து, முன்னாலுள்ள கம்ப்ரஸரின் வழியே காற்று எதிர்த் திசையில் குமுறத் தொடங்கிவிடும். எனவே மறுசூடேற்றி எரியும்போது விரிந்தும், அணையும்போது சுருங்கியும் கொடுக்கின்ற வெளியேற்றுக் குழல் தேவை. அந்தக் குழலும், அதைச் சுற்றிலும் குளிர்காற்று ஓடும் உறையும் பருமனானவை. மருத்தின் வாலோ மெலிந்த குழலுக்கென்றே செதுக்கப்பட்டது. பருத்த குழல்களை அதில் திணித்தபோது வாலின் பின்புறம் தடித்து, அங்கே காற்று ஒட்டாமல் விலகிச் சுழன்று விமானத்தைப் பின்னுக்கு இழுத்தது. தரையில் சோதனை மேடையில் நிறுத்தி அளந்தால் உந்துவிசை தெளிவாக அதிகரித்திருந்தது. ஆகாயத்தில் அந்த லாபத்தின் பெரும் பகுதியைப் பருத்த வால் தின்றுவிட்டது. விமானமும் எஞ்சினும் ஒருசேரக் கருக்கொள்ளாவிடில் பிற்காலத்தில் எத்தனை சாமர்த்தியத்தாலும் அவற்றை முழுவதும் பொருத்த இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

இந்த முயற்சிக்குக் கொடுத்த விலை பெரிது. 1970 ஜனவரி 10-ஆம் தேதி, மறுசூடேற்றி பூட்டிய மாதிரி விமானம் பெங்களூரில் விபத்துக்குள்ளாகி, முதல் மருத்தைப் பறக்கவிட்ட அதே சுரஞ்சன் தாஸ் உயிர் நீத்தார். பழைய மதராஸ் சாலையிலிருந்து பழைய விமான நிலையச் சாலையை நோக்கிச் செல்லும் வீதி ஒன்று பெங்களூரில் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அதன் வழியே தினமும் செல்லும் நம்மவரில் பலருக்கு அவர் யாரென்பது தெரியாதிருப்பது என்னை வருத்துகிறது.

இதற்கிடையில் எகிப்திலும் ஒரு வழி திறந்தது. கெய்ரோவுக்குத் தெற்கே ஹெல்வானில், வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் வரைந்த எச்.ஏ.-300 என்ற போர் விமானமும், அதற்கென ஃபெர்டினாண்டு பிராண்ட்னர் உருவாக்கிய ஈ-300 என்ற எஞ்சினும் தயாராகிக்கொண்டிருந்தன. பிராண்ட்னர் ஆஸ்திரியர், யுத்தத்துக்குப் பின் சோவியத் நாட்டில் சிறைப்பட்ட நிபுணராக இருந்து, என்.கே.-12 என்னும் மகா சக்தி வாய்ந்த டர்போப்ராப் எஞ்சினின் நிர்மாணத்தில் பங்கு கொண்டவர். எகிப்துக்கு விமானத்தின் உடல் முந்திக்கொண்டது, எஞ்சின் பிந்திற்று. ஆகவே 1964 மார்ச் 7-ஆம் தேதி எச்.ஏ.-300 முதன்முதல் பறந்தபோது அதனுள் இருந்ததும் ஓர்ஃபியூஸ் 703-தான். ஓட்டியவரும் நம் இந்திய விமானி கபில் பார்கவா. ஈ-300 தயாரானதும் அதைச் சோதிக்க நாம் ஒரு மருத்தைக் கொடுத்தோம். ஒரு பக்கத்தில் ஓர்ஃபியூஸும் மறுபக்கத்தில் ஈ-300-உம் பூண்ட அந்த விசித்திர விமானம் 1967 மார்ச் 29-ஆம் தேதி எகிப்திய ஆகாயத்தில் எழுந்தது. சம பலமில்லாத இரண்டு எஞ்சின்களை ஒரே உடலில் வைத்து ஓட்டுவது எவ்வளவு நிதானத்தைக் கோரும் காரியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஜூன் மாதத்தில் மூண்ட யுத்தம் எகிப்தின் கஜானாவையும் கவனத்தையும் வேறு பக்கம் திருப்பிற்று. 1969-இல் திட்டம் கைவிடப்பட்டது. மருத்துக்கு அந்தக் கதவும் அடைந்தது.

ஓர்ஃபியூஸ் 703-உடனேயே விமானப் படை மருத்தை ஏற்றுக்கொண்டது. இரு இருக்கைப் பயிற்சி விமானங்களையும் சேர்த்து மொத்தம் 147 செய்யப்பட்டன. 1971 டிசம்பர் யுத்தத்தில் ராஜஸ்தான் பாலைவனத்தின் மேல் தாழப் பறந்து டாங்குகளையும் ரயில்களையும் தாக்கிய அவற்றுள் ஒன்றுகூட ஆகாயச் சண்டையில் வீழ்த்தப்படவில்லை. ஒரு விமானி வாகன வரிசை ஒன்றைச் சுட்டுக்கொண்டு மேலே பாய்ந்தபோது, வெடித்துச் சிதறிய துண்டுகள் விமானத்தின் பின்பாகத்தில் மோத, எச்சரிக்கை விளக்குகள் எரிந்து ஓர் எஞ்சின் நின்றுபோயிற்று; மற்றோர் எஞ்சினின் துணையால் அவர் பத்திரமாகத் திரும்பினார். இரட்டை எஞ்சின் அமைப்பின் அருமை அங்கே வெளிப்பட்டது. உடலமைப்பு எவ்வளவு உறுதியானது, தாழ்ந்த உயரத்தில் எவ்வளவு அசைவற்ற மேடையாக நின்று சுடத்தக்கது என்பதெல்லாம் யுத்தத்தில் ருசுவாயின. பஞ்சம் சக்திக்கு மட்டுமே.

ஓர் எஞ்சினைச் செய்வது விமானத்தைச் செய்வதினும் ஏன் நெடுங்காலம் பிடிக்கிறது என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். பதில் பெரும்பாலும் டர்பைனின் தகடுகளில் இருக்கிறது. நூறு கிராம் எடையுள்ள ஒரு தகடு, மையத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று நிமிஷத்துக்கு 10,000 சுற்று வீதம் சுழலுமானால், மூன்று டன்னுக்கு மேற்பட்ட பாரத்தால் அதன் வேர் இழுக்கப்படுகிறது. அதே சமயம் அது கொழுந்து விடும் வாயுவின் நடுவே செஞ்சூடாக நிற்கிறது. அந்த நிலையில் எந்த உலோகமும் முறியாமலே மெல்ல மெல்ல நீளும். உறையில் உராயும் அளவுக்கு அது நீண்டுவிட்டால் எஞ்சின் நாசமாகும். யுத்தக் கடைசியில் நிக்கல் கிடைக்காமல் தவித்த ஜெர்மனியின் ஜூமோ 004 ஜெட் எஞ்சின்கள் இருபத்தைந்து மணி நேரம் ஓடினாலே அதிகம் என்ற நிலைமைக்கு இத்தகைய உலோகத் தரித்திரமே காரணம். நீளாத கலப்பு உலோகத்தைக் கண்டுபிடிப்பதோ, அதை வார்ப்பதோ, உள்ளே மயிரிழைத் துவாரங்களிட்டுக் குளிர்காற்றைச் செலுத்துவதோ ஏட்டில் கணக்கிட்டு முடிகிற வேலையன்று. செய்து, மேடையில் ஓட்டி, உடைத்து, பிரித்துப் பார்த்து, மறுபடி செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான மணி நேரம் இவ்வாறு கழிய வேண்டும். இதற்கு விடாப்பிடியான செலவும், ஒரு தலைமுறை நிபுணரின் பொறுமையும் வேண்டும். அதைச் செலவிட்ட பிரிஸ்டல் கம்பெனி, நாம் கேட்ட 12-ஆம் வகையைக் கைவிட்டாலும், அதே ஓர்ஃபியூஸின் உட்பகுதியை மூலமாகக் கொண்டு, செங்குத்தாக எழும் ஹாரியர் விமானத்தின் பெகாசஸ் எஞ்சினைச் சிருஷ்டித்துவிட்டது.

மருத்துக்கு நேர்ந்தது பிற்காலத்திலும் திரும்ப நேர்ந்தது. தேஜஸ் என்னும் நம் போர் விமானத்துக்கான திட்டம் 1983-இல் தொடங்கிற்று. அதற்கென உள்நாட்டில் செய்ய எண்ணிய காவேரி எஞ்சினுக்கு அனுமதி கிடைத்தது 1989-இல். ஓர்ஃபியூஸுக்கு மறுசூடேற்றி செய்த அதே பெங்களூர் நிலையத்திடம்தான் அந்த வேலையும் ஒப்படைக்கப்பட்டது. விமானத்துக்கு முன்னால் பிறக்க வேண்டியது ஆறு வருஷம் பின்னால் புறப்பட்டது. 2001 ஜனவரி 4-ஆம் தேதி தேஜஸ் பறந்தது அமெரிக்காவின் எஃப்-404 எஞ்சினுடன். 2008-இல் காவேரி அந்த விமானத்தின் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2021-இல் தேஜஸின் புதிய வகைக்காக 99 அமெரிக்க எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவற்றுள் முதலாவது 2025 மார்ச் மாதத்தில்தான் பெங்களூருக்கு அனுப்பப்பட்டது. அதற்குள் கட்டி முடித்த விமான உடல்கள் தொழிற்சாலையில் அதை எதிர்பார்த்து நின்றன.